மருமகள்கள் விழா எடுத்த மாமியார்

செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டின் சோழ அரசி. அவர் பெயர் முதன்முதலில் தென்படுவது 941ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கல்வெட்டில். சிவன் சன்னிதியில் அணையாமல் ஒரு விளக்கு எரிய அவர் வைத்த கொடையை அது சொல்கிறது. கடைசியாக 1001இல், ராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டில், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் அவர் பெயர் வருகிறது. அங்கே ஒரு கற்றளி, அதாவது கற்கோயில், எடுப்பித்திருக்கிறார். இடைப்பட்ட 60 ஆண்டுகளில் சோழ அரியணையில் ஆறு பேர் அமர்ந்தார்கள். முதற் பராந்தகனுக்கு அவர் மருமகள், கண்டராதித்தனுக்கு மனைவி, அரிஞ்சயனுக்கு அண்ணி, சுந்தர சோழனுக்குப் பெரியம்மா, உத்தம சோழனுக்குத் தாய், ராஜராஜனுக்குப் பாட்டி முறை. ஒரு பேரரசின் ஆறு ஆட்சிகளையும் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்த பெண்கள் தமிழக வரலாற்றில் அரிது.

பிறந்த குடி மழவர் குடி. கொள்ளிடத்துக்கு வடக்கே மழநாட்டை ஆண்ட சிற்றரசர்கள் அவர்கள். கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகளார் என்று குறிக்கின்றன. பிராந்தகன் மாதேவடிகள் என்ற பெயரும் அவருக்கு உண்டு. பிறந்த ஆண்டு எங்கும் பொறிக்கப்படவில்லை. பிறந்த மாதமும் நட்சத்திரமும் மட்டும் சித்திரைக் கேட்டை என்று துல்லியமாகத் தெரியும். அரசர்கள் பலரின் பிறந்தநாளே தெரியாதபோது ஓர் அரசியின் நட்சத்திரம் எப்படித் தெரியவந்தது என்பதற்குக் காரணம் அவருடைய மருமகள்கள். அது பின்னால் வரும்.

சோழர் கதை என்றாலே காவிரிக்கரை என்று எண்ணிப் பழகிவிட்டது. அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று தமிழகத்தின் வடகோடியில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே வாழ்பவர்களுக்கு இந்த அரசி வேற்றூர்க்காரராகவே தோன்றுவார். ஆனால் அவர் வாழ்க்கை திசைமாறியது இவர்கள் வாழும் திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையில்தான். 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழர் படையும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் மோதின. பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர் விட்டான். கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க அரசன் பூதுகன் அவனைக் கொன்றதாக ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போனது. பட்டத்துக்கு உரியவன் போய்விட்டதால், சிவபக்தியில் தோய்ந்து கிடந்த இரண்டாம் மகன் கண்டராதித்தன் மீது அரசப் பொறுப்பு விழுந்தது. தக்கோலத்தில் ராஜாதித்தன் சாயாமல் இருந்திருந்தால் செம்பியன் மாதேவி ஓர் இளைய இளவரசனின் மனைவியாகவே இருந்து மறைந்திருப்பார்.

கண்டராதித்தன் போர்க்களத்தைவிடத் தில்லையை அதிகம் நினைத்தவர். அவர் பாடிய திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. அரசராக இருந்து திருமுறையில் இடம்பிடித்தவர்கள் மிகச் சிலர். பின்னாளில் கல்வெட்டுகள் அவரை ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்றன. அதன் பொருள் பற்றி ஆய்வாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. 957ஐ ஒட்டி அவர் காலம் முடிந்தபோது மகன் மதுராந்தகன் சிறு பிள்ளை. ஆட்சி தம்பி அரிஞ்சயனுக்குப் போனது. அவர் விரைவிலேயே மறைய, அவர் மகன் சுந்தர சோழனுக்குப் போனது.

கணவனை இழந்த அரசிக்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுக்கும் எடுத்துக்காட்டு அதே குடும்பத்தில் உண்டு. சுந்தர சோழன் இறந்தபோது அவர் தேவி வானவன் மாதேவி கணவனோடு தீப்புகுந்தார். பச்சிளங் குழந்தையை விட்டுப் போனார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதை வியந்து பேசுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடும் அந்தத் தீக்குளிப்பைப் பாடுகிறது. ராஜராஜனையும் குந்தவையையும் பெற்ற தாய் அவர். செம்பியன் மாதேவி அந்த வழியில் போகவில்லை. கைக்குழந்தையோடு கைம்மை பூண்டு, அதற்குப் பின் ஏறத்தாழ 45 ஆண்டுகள் வாழ்ந்தார். புகழ்ந்து பாடப்பட்டது முதல் வழி. நாட்டுக்கும் வீட்டுக்கும் பயன்பட்டது இரண்டாவது. தாயில்லாத ராஜராஜன் அரசனானபோது குடும்பத்தில் மூத்த பெண்ணாக இருந்தவர் இந்தப் பாட்டிதான்.

மகன் அரியணை ஏறிய கதை எளிதானதல்ல. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தபோது நடந்ததைச் சொல்லும் முக்கியமான ஆவணம் 1905இல் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்தது. ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்தபோது வெளியிட்ட 31 செப்பேடுகள் அவை. பின்னாளில் ராஜராஜனான அருண்மொழிவர்மனை அரசேற்குமாறு மக்கள் வேண்டினார்கள். சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவர் ஒதுங்கினார். சிவன் திருவடியில் மனம் வைத்த மதுராந்தகன் ஆட்சிக்கு வந்தான் என்று செப்பேடு சொல்கிறது. உத்தம சோழன் என்ற பட்டத்தோடு 985 வரை அவர் ஆண்டார்.

கரிகாலன் கொலையில் உத்தமனுக்குப் பங்கு உண்டா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கொலைகாரர்களின் சொத்தைப் பறிக்கும் ஆணையை ராஜராஜன் ஆட்சியின் தொடக்கத்து உடையார்குடிக் கல்வெட்டுதான் தருகிறது. அத்தனை ஆண்டு ஏன் தாமதம் என்று நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். கல்வெட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பண்டாரத்தார் பக்கமே வலுவாக இருக்கிறது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் அரசில் கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்யும் உயர்ந்த பொறுப்பில் இருந்தார். முறைகேடு செய்தவர்களைத் தண்டித்தார். அண்ணனைக் கொன்றவனின் மகனுக்கு யாரும் கருவூலச் சாவியைத் தருவதில்லை. பாட்டி கட்டிய கோயில்களின் கணக்கைப் பேரன் சரிபார்த்தான் என்பது இந்தக் குடும்பத்தின் போக்கை நன்றாகவே காட்டுகிறது.

செம்பியன் மாதேவியின் பக்தி கணக்கும் வழக்குமாக நடந்தது. அவருடைய முதல் கொடையான நந்தா விளக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கோயிலுக்கு விடப்படும். இடையர்கள் அவற்றைப் பொறுப்பேற்று நெய் அளப்பார்கள். ஆடு செத்தால் குட்டி ஈடாகும், ஆகவே எண்ணிக்கை குறையாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு அதைச் சொல்லும். அத்திப்பட்டுக்கு அருகிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலில் பல்லவர் காலம் தொட்டு இத்தகைய விளக்குக் கொடைகள் ஏராளம். விளக்கை ஏற்றுவது எவராலும் முடியும். அடுத்த நூறாண்டும் எரிய ஏற்பாடு செய்வதில்தான் கொடையாளியின் திறமை தெரியும்.

அந்தத் திறமையோடு அவர் எடுத்துக்கொண்ட பெரிய வேலை, நாயன்மார் பாடிய செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக்குவது. விருத்தாசலம், தென்குரங்காடுதுறை என்ற ஆடுதுறை, குத்தாலம், திருமணஞ்சேரி, ஆனாங்கூர், திருவாரூர் அரநெறி என்று பட்டியல் நீளும். காவிரிக்கரையில் தொடங்கிய வேலை வடக்கே பெண்ணையாற்றையும் தாண்டிப் போனது. இவற்றுள் இரண்டு கோயில்களின் முன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது திருநல்லம், இன்றைய கோனேரிராஜபுரம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஊர். இங்கே உமாமகேசுவரர் கோயிலைத் தன் கணவர் கண்டராதித்த தேவரின் பெயரால் கற்றளியாக்கினார். கருவறையின் தென்சுவரில் ஒரு சிறு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. லிங்கத்தின் முன் அமர்ந்து ஒருவர் வழிபடுகிறார். திருவடி தொழுகிற கண்டராதித்த தேவர் இவர் என்று அதன் கீழே பொறித்திருக்கிறார்கள். கணவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அவர் விரும்பிய வேலையைச் செய்துகொண்டிருப்பவராகவே அவரைக் கல்லில் உட்கார வைத்தார் மனைவி. போர்க்கோலமோ முடியோ அதில் முதன்மை பெறவில்லை. அதே கோயிலில் இன்னொரு பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோயிலைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபட்டனான ஹரசரண சேகரன். அவருக்கு ராசகேசரி மூவேந்த வேளான் என்ற பட்டமும் கிடைத்தது. கட்டச் சொன்னவர் பெயர் நிற்கும், கட்டியவர் பெயர் போய்விடும் என்பதே எக்காலத்திலும் வழக்கம். திருநல்லத்தில் அந்த வழக்கம் மீறப்பட்டது.

இரண்டாவது திருக்கோடிக்காவல். பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுத்தபோது, அங்கே தனிக் கற்களில் பல்லவர் காலம் முதலான கொடைக் கல்வெட்டுகள் இருந்தன. புதிய சுவர் எழும்பியதும் பழைய கற்களுக்கு வேலை இல்லை. அவற்றை அடித்தளத்தில் போட்டு மூடியிருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். திருப்பணி என்ற பெயரில் தலைகீழாகப் பதிக்கப்பட்ட கல்வெட்டுக் கற்களைத் தமிழகக் கோயில்களில் இன்றும் காணலாம். இங்கே அப்படி நடக்கவில்லை. பழைய கற்களில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறித்தார்கள். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்பும் சேர்த்தார்கள். எது மூலம், எது நகல் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்ற நேர்மை அதில் இருக்கிறது. யாரோ ஒருவர் எப்போதோ வைத்த விளக்கும் நிலமும், கோயிலைப் புதுப்பிக்கும் அரசியின் பெருமையில் கரைந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அவர் எழுப்பிய அத்தனை விமானங்களையும்விட இந்த ஒரு செயலையே உயர்ந்ததாகச் சொல்லலாம்.

சிற்ப வரலாற்றிலும் அவர் பெயரால் ஒரு பாணி வழங்குகிறது. முற்காலச் சோழர் கோயில்களில் சுவர்க் கோட்டங்கள் குறைவு. செம்பியன் மாதேவியின் கோயில்களில் அர்த்தமண்டபச் சுவரும் கோட்டங்களால் நிறைந்தது: தெற்கே கணபதி, ஆடவல்லான், அகத்தியர், வடக்கே துர்க்கை, பிச்சாடனர், மாதொருபாகன். தென்சுவர்க் கோட்டத்தில் ஆனந்த நடராசரை வைப்பதை வழக்கமாக்கியவை இந்தக் கோயில்களே. தில்லையைப் பாடிய கணவரின் நினைவு அதில் கலந்திருக்கலாம். பின்னாளில் சோழர் கலை என்றதும் உலகம் நடராசரையே நினைக்கும்படி ஆனதில் இந்தக் கைம்பெண்ணுக்குக் கணிசமான பங்கு உண்டு.

கல்வெட்டுகளில் அவருக்குத் தரப்படும் அடைமொழி ‘உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த’ பிராட்டியார் என்பது. இத்தனை கோயில் எடுத்தவரை ஒரு மகனைப் பெற்றவர் என்று மட்டும் சொல்வது இன்றைய கண்ணுக்குக் குறையாகப் படும். ஆனால் பல ஆண்டுகளாக அரசுரிமை கைக்கு எட்டாமல் இருந்த பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாய்க்கு அந்த அடைமொழி அரசியல் பொருளும் உடையது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் செம்பியன் மாதேவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கைலாசநாதர் கோயில். உத்தம சோழனின் தேவியர் பலர், பழுவேட்டரையர் மகள், இருங்கோளர் மகள், விழுப்பரையர் மகள் என்று வெவ்வேறு சிற்றரசுகளிலிருந்து வந்தவர்கள், அந்தக் கோயிலுக்குக் கொடைகள் வைத்தார்கள். மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டையன்று சிறப்பு வழிபாடும் அன்னமும் நடக்க வழி செய்தார்கள். மாமியார் மருமகள் உறவு பற்றித் தமிழில் உள்ள பழமொழிகளைத் தொகுத்தால் ஒரு நூல் தேறும். அவற்றுள் ஒன்றுகூட இந்தக் கல்வெட்டுகளுக்குப் பொருந்தாது. பல வீட்டுப் பெண்கள் ஒரே மாமியாரின் பிறந்தநாளுக்குத் தங்கள் பங்கை எழுதி வைத்திருக்கிறார்கள். 

ராஜேந்திரன் காலத்தில் இன்னொன்று நடந்தது. அவருடைய எட்டாம் ஆட்சியாண்டை ஒட்டி, ஏறத்தாழ 1019இல், அந்த ஊர்க் கோயிலில் செம்பியன் மாதேவியின் திருமேனியே எழுந்தருளுவிக்கப்பட்டு வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. முன்னோரைத் திருமேனியாக வைப்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் தஞ்சைப் பெரிய கோயிலில் செப்புத் திருமேனி வைத்தார். ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்குப் பட்டீசுவரம் அருகே பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயிலே எடுத்தார்.

வடதமிழகத்துக் குடும்பங்களில் இந்த மனநிலை இன்றும் வேறு வடிவில் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கம் கலியாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்த தாயோ பாட்டியோ வீட்டுத் தெய்வமாகிறாள். புடவையும் பூவும் வளையலும் வைத்து அவள் உத்தரவு கேட்டபிறகே முகூர்த்த வேலை தொடங்கும். ஒரு வேறுபாடு உண்டு. பூவாடைக்காரி ஆவதற்குச் சுமங்கலியாகச் சாக வேண்டும் என்பது பல குடும்பங்களின் விதி. அந்த விதிப்படி பார்த்தால் செம்பியன் மாதேவிக்கு இடமே இல்லை. அரைநூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கைம்பெண்ணாக இருந்தவரைத் திருமேனியாக்கித் தூபம் காட்டினார்கள் சோழர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரண்மனை, இன்றைய பல வீடுகளைவிட இந்த ஒன்றில் முன்னால் இருந்தது.

திருமேனியின் பிற்காலக் கதை கசப்பானது. வாஷிங்டனில் உள்ள ஃப்ரீயர் கலைக்கூடத்தில், ஏறத்தாழ 107 செ.மீ. உயரமுள்ள ஒரு செப்புத் தேவி நிற்கிறாள். நீண்ட மெலிந்த உடல், ஒடிந்தாற்போன்ற வளைவு, துவண்டு தொங்கும் இடக்கை. பார்வதி என்றும், பார்வதி வடிவில் வார்க்கப்பட்ட செம்பியன் மாதேவியே என்றும் இரு கருத்துகள் உண்டு. வித்யா தெஹேஜியா போன்ற கலை வரலாற்றாளர்கள் இரண்டாவதை ஏற்றார்கள். கலைக்கூடம் இதை 1929இல் நியூயார்க்கில் ஒரு கலைப்பொருள் வணிகரிடமிருந்து வாங்கியது. இது நாகை மாவட்டத்துக் கைலாசநாதர் கோயிலிலிருந்து போனது என்று தமிழகக் காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்து, மீட்கும் முயற்சியில் இறங்கியது. ஊர் மக்கள் சித்திரைக் கேட்டைக்கு விழா எடுப்பதை விட்டுவிடவில்லை.

பெரும்பாலான தமிழர்களுக்கு இந்த அரசியை அறிமுகப்படுத்தியவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த ‘பொன்னியின் செல்வ’னிலும், 2022, 2023இல் வந்த திரைப்படங்களிலும் அவர் வெள்ளுடை உடுத்த மூதாட்டியாக வருகிறார், திரையில் ஜெயசித்ரா நடித்தார். மகன் பிறப்பில் மாறிப்போன கதை முழுக்கக் கல்கியின் கற்பனை. கதையில் அவர் மகனோடு வாதாடும் தாய். கல்வெட்டில் அவர் கல்தச்சனையும் கணக்கனையும் வேலை வாங்கிய நிர்வாகி. இரண்டாவது பாத்திரம் இன்னும் யாராலும் எழுதப்படவில்லை.

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்திப்பட்டிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு காலைப் பொழுதில் போய்வரும் தூரம்தான். திருவாலங்காட்டுக்கே போக நினைப்பவர்கள் பேசின் பிரிட்ஜில் மாறி அரக்கோணம் வண்டியைப் பிடிக்கலாம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊரும் அதுவே.

அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரத்தில் ஆலைகள் வந்தபின் ஊருக்கு ஊர் கோயில் திருப்பணி நடக்கிறது. பழைய மண்டபம் பிரிக்கப்படுகிறது, கிரானைட் பதிக்கப்படுகிறது, கும்பாபிஷேகப் பலகையில் உபயதாரர் பெயர்கள் ஏறுகின்றன. திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். எழுத்துள்ள ஒரு கல்லைப் பெயர்ப்பதற்கு முன் தொல்லியல் துறைக்குச் சொல்லிப் படியெடுக்கச் செய்யுங்கள். கல்லை மணல் வீசித் துடைக்காதீர்கள், உடைத்து அடித்தளத்தில் போடாதீர்கள். திருக்கோடிக்காவலில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு பாட்டி இதைச் செய்து காட்டியிருக்கிறார்.